தமிழ் மறவனைப் பார்க்கணுமா? முதலில் மரத்தைத் தேடுங்கள்

2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை வீட்டுத் தோட்டத்தில் தேடிப் பயனில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்குத்தான் போகணும், வனத்துறை அனுமதியோடு. அங்கே போனதும் பூச்சியை விடுங்கள், ஓடைக்கரைகளில் நீரடிமுத்து மரம் நிற்கிறதா என்று பாருங்கள் (சித்த வைத்தியத்தில் தோல் நோய்க்கு விதையெண்ணெய் எடுப்பார்களே, அதேதான்). கிடைத்ததா? சரி, இலைகளைப் பறிக்காமல் மெல்லத் திருப்பினால் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும், பொரிந்த புழுக்களும் உடம்பெல்லாம் முள்ளோடு சேர்ந்தேதான் மேயும். கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும்; கண்டுபிடிப்பது சிரமம். வளர்ந்த பூச்சிக்கு ஆரஞ்சு இறக்கை, கருத்த ஓரம். வெயில் ஏறியதும் ஆண்பூச்சிகள் உப்புச்சத்து உறிஞ்ச ஈரமணலில் இறங்கும். கேமராவோடு குனிந்தே போங்கள், உங்கள் நிழல் மேலே விழுந்தால் பறந்துவிடும்.