ஆயா கிடைத்த கதை

26 வாரப் பேறுகால விடுப்பு முடிய 10 நாள்தான் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாமியாரால் மதுரையில் மாமனாரை விட்டு நகர முடியாது. வேறு வழியில்லாமல் வேளச்சேரியில் ஓர் ஏஜென்சியில் பதிந்தேன். ஒரு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு அவர்கள் அனுப்பிய அக்கா, நான்காம் நாள் போனே எடுக்கவில்லை. பணமும் திரும்பவில்லை.

அடுத்த ஏஜென்சியில் உஷாரானேன். ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், எத்தனை முறை என்று எழுதி வாங்கினேன். ஆதார் நகலோடு விடாமல், அந்த ஆயா முன்பு வேலை பார்த்த வீட்டுக்கே போன் போட்டேன். "நல்லா பாத்துப்பாங்க, ஆனா சீரியல் நேரத்துல கூப்பிட்டா காதுல விழாது" என்றார் அந்தம்மா. போலீஸ் சரிபார்ப்பைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது!

அப்புறம், விடுப்பின் கடைசி வாரத்திலேயே அவரை வரச் சொல்லி, வீட்டில் இருந்தபடி கவனித்தேன். முதல் நாளே பால் பாட்டிலைச் சாய்த்து, மணிக்கட்டின் உட்புறம் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். நான் சொல்லவே இல்லை. சரி, இவர்தான் என்று தோன்றியது.

இப்போது எட்டு மாதமாகிறது. மாலை சீரியலுக்குள் வீடு வந்துவிடுகிறேன். கேபிள் பணத்தையும் மறப்பதில்லை.