ஐவியில் பல ஜார்களை வெளியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு குழு சம்பளக் கணக்கு மாட்யூலை எழுதுகிறது, பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்னொரு குழு அதை எடுத்துப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தங்களைக் கணக்கிடும் மாட்யூல். அதிலிருந்து ஓடும் ஜார், சோர்ஸ் (மூல நிரல்) ஜார், ஜாவாடாக் (நிரலின் ஆவணம்) ஜார் என மூன்று கோப்புகள் வெளியே போக வேண்டும். ஜார் என்பது ஜாவா கோப்புகளைக் கட்டி வைக்கும் பொட்டலம். ஜார்களை வெளியிடவும் இறக்கவும் உதவும் கருவியான அப்பாச்சி ஐவியில் இது பெரிய வேலை இல்லை. ஆனால் பில்ட் வெற்றி என்று வந்ததாலேயே சரியான கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

மாட்யூலின் ஐவி கோப்பில், வெளியிடும் கோப்புகளைப் பட்டியலிடும் பப்ளிகேஷன்ஸ் பகுதியை எழுதாமல் விட்டால், மாட்யூல் பெயரில் ஒரே ஒரு ஜார்தான் உண்டு என்று ஐவி எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பில்ட் ஃபோல்டரிலேயே கிடக்கும். ஆகவே மூன்றையும் அங்கே அறிவித்துவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, கோப்பு எந்த இடத்தில் எந்தப் பெயரில் இருக்கும் என்று சொல்லும் பேட்டர்னில்தான். மூன்றுக்கும் பெயர் ஒன்று, எக்ஸ்டென்ஷனும் ஜார். டைப் மட்டுமே வேறு. இந்த நிலையில் பப்ளிஷ் கட்டளையில் இப்படி எழுதியிருந்தால்:

பில்ட்/[ஆர்ட்டிஃபாக்ட்]-[ரிவிஷன்].[எக்ஸ்ட்]

மூன்று முறையும் ஐவி ஒரே கோப்பைத்தான் எடுக்கும். சோர்ஸ் என்ற டைப்பில் ஓடும் ஜாரே ரெப்போவில் (ஜார்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தில்) போய் உட்காரும், பிழைச் செய்தி எதுவும் வராது. ரெப்போவின் பேட்டர்னிலும் டைப் இல்லை என்றால் மூன்றும் ஒரே இடத்தில் மோதும். ஓவர்ரைட் அனுமதி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும், அது நல்லதுதான். அனுமதி இருந்தாலோ, கடைசியாக வந்தது முன்னதை அழித்துவிடும். எடுக்கும் இடம், வைக்கும் இடம் இரண்டின் பேட்டர்னிலும் [டைப்] இருக்க வேண்டும். பினாங்குக்காரர்களின் ரிட்ரீவ் பேட்டர்னையும் (இறக்கிய ஜார்களை எங்கே வைப்பது என்று சொல்வது) பாருங்கள். ஐவி தரும் இயல்பான ரிட்ரீவ் பேட்டர்னில் டைப் கிடையாது. அதனால் ஒரே மாட்யூலின் பல ஆர்ட்டிஃபாக்ட்கள் (வெளியிட்ட கோப்புகள்) ஒரே கோப்பில் விழுகின்றன என்ற பிழை அவர்களுக்கு வரும்.

அப்புறம் கான்ஃப், அதாவது எந்தத் தேவைக்கு எந்தக் கோப்பு என்று பிரிக்கும் கான்ஃபிகரேஷன். ஆர்ட்டிஃபாக்டுக்கு அதைக் குறிப்பிடாவிட்டால் வெளியாருக்குத் திறந்த (பப்ளிக்) எல்லா கான்ஃபிகரேஷனிலும் அது சேர்ந்துவிடும். ஓட்டுவதற்கு மட்டும் கேட்டவருக்கும் ஜாவாடாக் இறங்கும். ஓடும் ஜாரை ஒன்றிலும், சோர்ஸ், ஜாவாடாக் இரண்டையும் வேறு இரண்டிலும் பிரித்து வைப்பதே சரி.

இன்னொரு பில்ட் கருவியான மேவனில் இதே வேலைக்கு, ஜாரின் பெயரோடு சேரும் கிளாசிஃபையர் என்ற அடையாளம் இருக்கிறது. ஆனால் ஒரு மாட்யூலின் எல்லா ஜார்களுக்கும் ஒரே பாம் கோப்புதான் (மாட்யூலின் விவரக் கோப்பு), அதற்குத் தேவையான மற்ற ஜார்களின் பட்டியலான சார்புகளும் அதுவேதான். கிளையண்ட் ஜாருக்கும் சர்வர் ஜாருக்கும் வேறு வேறு சார்புகள் என்றால் தனித்தனி மாட்யூலாகப் பிரித்துவிடுங்கள்.

பிழையைத் திருத்தி அதே ரிவிஷன் (பதிப்பு) எண்ணில் மறுபடி வெளியிடுவது எல்லாவற்றையும் விட மோசம். "அண்ணே, இங்க இன்னும் பழைய கணக்குதான் வருது" என்று பினாங்கிலிருந்து போன் வரும். ரிவிஷன் மாறாது என்று ஐவி நம்புகிறது. கேஷில் (முன்பு இறக்கியதைக் கணினியில் சேமித்து வைக்கும் இடத்தில்) ஏற்கெனவே உள்ள ஜாரை அது மீண்டும் கேட்காது. 1.4.0 வெளியே போய்விட்டதா, அடுத்தது 1.4.1.

வெளியிட்டதும் கேஷ் காலியாக உள்ள ஒரு கணினியில் மாட்யூலை இறக்கி, மூன்று ஜார்களையும் திறந்து பாருங்கள். சோர்ஸ் ஜாரில் .ஜாவா கோப்புகளுக்குப் பதில் .கிளாஸ் கோப்புகள் இருந்தால், பப்ளிஷ் பேட்டர்னுக்குத் திரும்பிப் போக வேண்டும்.