மூக்கால் விடும் சாப்பாட்டு ரியூப்: எதை எடுப்பது?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வாட்டுக்குப் பயிற்சிக்கு வரும் தாதியப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எத்தினையாம் நம்பர் எடுக்கிறது?" என்றுதான். நம்பரைப் பிறகு பார்ப்போம்.

1. நாளைக் கேளுங்கள்
பாரிசவாதம் வந்து விழுங்க ஏலாமல் கிடக்கிறவருக்கு ரியூப் எத்தனை நாள் தேவைப்படும்? ஒரு கிழமை, பத்து நாள் என்றால் பிவிசி பிளாஸ்ரிக்கில் செய்த சாதாரண ரைல்ஸ் ரியூப் காணும். நெடுக வைத்தால் அது வயிற்றுக்குள் விறைத்துப்போகும், மூக்கும் புண்ணாகும். சில கிழமைகளுக்கு என்றால் பொலியூரித்தேன் அல்லது சிலிக்கோனில் செய்த ரியூப். நாலு, ஆறு கிழமையையும் தாண்டும் போலிருந்தால் வயிற்றுச் சுவரால் போடும் பெக் ரியூப் பற்றி டொக்டரிடம் கதைக்க வேண்டும்.

2. வழியைப் பாருங்கள்
விபத்தில் மண்டையோட்டின் அடி உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கால் விடவே கூடாது, வாயால்தான். சாப்பாடு வயிற்றிலிருந்து கீழே இறங்காமல் வாந்தி எடுப்பவருக்குச் சிறுகுடல் வரை போகும் ரியூப் வேண்டிவரலாம். அது டொக்டரின் முடிவு.

3. இப்போது நம்பர்
ரியூப்பின் நம்பர் என்பது அதன் தடிப்பு, பிரெஞ்ச் என்ற அலகில். மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீற்றர். 12 என்றால் வெளிவிட்டம் 4 மில்லிமீற்றர். பெரியவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க 8 முதல் 12 வரை போதும். 14, 16 வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்கத்தான். பிவிசி ரியூப்பின் வெளிமுனையின் நிறத்திலேயே நம்பர் தெரியும்: 8 நீலம், 10 கறுப்பு, 12 வெள்ளை.

மெல்லியதுதான் நோயாளிக்குச் சுகம். அதை நம்பி ஒரு அம்மம்மாவுக்கு 8 போட்டேன். பேத்தி பிளாஸ்கில் சத்துமாக் கஞ்சி கொண்டுவந்தா. இரண்டாம் தரமே அடைத்துவிட்டது. இழுத்துவிட்டுத் திரும்பப் போடும்போது அம்மம்மாவின் கண்ணால் தண்ணி ஓடினது. இப்போது பெட்டியைத் திறக்க முதலே கேட்கிறேன்: "என்ன சாப்பாடு குடுக்கப் போறியள்?" வீட்டுக் கஞ்சி என்றால் 12. அதையும் வடித்துத்தான் விட வேண்டும். விட்டபின் 30 மில்லிலீற்றர் தண்ணீர்.

4. நீளம்
மூக்கு நுனியிலிருந்து காதுச் சோணை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி. அந்த இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

5. வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா?
சிரிஞ்சால் இழுத்த நீர், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் மருந்து எடுப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காற்றடித்து ஸ்ரெதஸ்கோப்பால் கேட்பதை நான் நம்புவதில்லை, நுரையீரலுக்குள் இருந்தாலும் சத்தம் கேட்கும். உறுதியாகும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.