பழைய ரேப் ரெக்கோடர்: பற்றறியைப் போடுவதற்கு முன்

"ஒருக்காப் போட்டுப் பாத்தனான் அண்ணை, புகைதான் வந்தது." கிளிநொச்சியில் என் மேசைக்கு வரும் பெட்டிகளில் பாதி இந்தக் கதையோடுதான் வருகின்றன. வேலை செய்கிறதா என்று பார்க்கும் அவசரம்தான் முதல் தவறு.

எங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் பாட்டுக் கேட்டோம். டைனமோ தருவது ஏசி, பெட்டிக்கு வேண்டியது டிசி. வேகமாகச் சுற்றினால் 6 வோல்ற்றைத் தாண்டி ஏறும். அதற்காக யாரோ உள்ளே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் டயோட்டுகளை ஒட்டியிருப்பார்கள், வயரை மாற்றியிருப்பார்கள். அவற்றைக் கண்டதும் பிடுங்காதீர்கள். முதலில் போனில் படம் எடுங்கள். பிளஸ், மைனஸ் எங்கே போகிறது என்று மீற்றரால் பாருங்கள்.

பற்றறி கசிந்த பச்சைக் கறலை அரத்தாளால் தேய்த்தால் செப்புக் கோடும் சேர்ந்து போய்விடும். அல்கலைன் கசிவுக்கு வினாகிரி இரண்டு சொட்டு, பழைய சாதாரண பற்றறிக் கசிவுக்கு அப்பச்சோடாக் கரைசல். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள்.

உள்ளே பாகங்கள் ஒட்டியிருக்கும் அந்த மண்ணிறப் பலகை கடதாசியும் பிசினும் சேர்ந்தது. சூடு தாங்காது. தகரம் ஒட்டுகிற பெரிய அயனை வைத்தால் செப்பு தோலாக உரிந்து வரும். 25 வாற் போதும், இரண்டு மூன்று செக்கனில் எடுத்துவிடுங்கள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளைகளான கப்பாசிற்றர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பலகையில் பிளஸ் குறி இருக்கும், புதிய கப்பாசிற்றரிலோ மைனஸ் கோடு. இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். பலகையில் அளவு சரிசெய்து வைத்திருக்கும் சின்னத் திருகுகளைத் தொடவே வேண்டாம்.

பலரும் கவனிக்காதது பலகையோரம் இருக்கும் நீளமான சுவிச். பதிவுக்கும் பாட்டுக்கும் மாற்றுவது அதுதான். கரகரச் சத்தம் வந்தால் துருநீக்கி எண்ணெய் அடிக்காதீர்கள். கொன்ராக்ற் கிளீனர் விட்டு இருபது தரம் முன்னுக்குப் பின் அசையுங்கள். அது பதிவுப் பக்கம் சிக்கிக்கொண்டால், பிளே அழுத்தினாலும் கசற்றில் உள்ளது அழிந்துபோகும். கசற்றின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் தட்டை உடைத்து வைத்திருந்தாலும் காப்பாற்றாது. அது பதிவுப் பட்டனைத்தான் தடுக்கும்.

ஒரு அம்மா மகனுடைய குரல் இருக்கிற கசற்றோடு வந்தார். "போட்டுக் காட்டுங்கோ தம்பி" என்றார். அன்று முழுக்க வேறொரு பழைய பாட்டுக் கசற்தான் அந்தப் பெட்டிக்குள் ஓடியது.