பெர்ரிக் கப்பலின் பணிவரலாற்றைத் தொகுப்பது எப்படி

வாகனங்களையும் பயணிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் பெர்ரிக் கப்பல் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைப்பது அரிதன்று. அதற்குள் அதன் பெயர், கொடி (பதிவு செய்யப்பட்ட நாடு), உரிமையாளர், வழித்தடம் ஆகியவை பலமுறை மாறிவிடும். சில கப்பல்களுக்கு நீளமே மாறிவிடுகிறது. ஆகவே அதன் வரலாற்றை எழுத விரும்புபவர் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடலைத் தொடங்கக் கூடாது. ஆங்கிலக் கால்வாயில் ஓடிய ‘ஸ்பிரிட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ 1987இல் ‘பிரைட் ஆஃப் கென்ட்’ ஆயிற்று. 2003இல் முற்றிலும் வேறொரு கப்பல் அதே பெயரைச் சூடிக்கொண்டது. பெயரை மட்டும் நம்பியவர் இரண்டு கப்பல்களின் வாழ்க்கையை ஒன்றாகத் தைத்துவிடுவார்.

பிடித்துக்கொள்ள வேண்டியது ஏழு இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஓ. எண்ணை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1987இல் ஏற்றுக்கொண்ட இம்முறை 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. உரிமையாளரோ கொடியோ மாறினாலும், கப்பல் உடைக்கப்படும் வரை இந்த எண் மாறுவதில்லை. எண்ணைப் படியெடுக்கும்போது பிழை நேர்ந்ததா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். 1994இல் மூழ்கிய ‘எஸ்தோனியா’வின் எண் 7921033. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 49, 54, 10, 4, 0, 6 கிடைக்கும், கூட்டுத்தொகை 123. அதன் கடைசி இலக்கமாகிய 3, எண்ணின் ஏழாம் இலக்கத்தோடு பொருந்துகிறது. பொருந்தவில்லையென்றால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். மேலே செல்லாமல் அங்கேயே நின்று சரிபார்ப்பது நல்லது.

எண் உறுதியானபின் பெயர்களை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். ‘எஸ்தோனியா’ 1980இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் உள்ள மேயர் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ‘வைக்கிங் சாலி’ என்ற பெயரில் வெளிவந்தது. 1990இல் ‘சில்யா ஸ்டார்’, 1991இல் ‘வாசா கிங்’, 1993இல் ‘எஸ்தோனியா’ எனப் பெயர்கள் மாறின. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உரிமையாளரையும் இயக்கிய நிறுவனத்தையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒருவருக்குச் சொந்தமான கப்பலை இன்னொருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இத்தொழிலில் அன்றாட நடப்பு. அதைக் கவனியாதவர்கள் இல்லாத விற்பனைகளையெல்லாம் பதிவுசெய்துவிடுகிறார்கள்.

அடுத்து வழித்தடம். பெரும்பாலான தொகுப்புகள் இங்கேதான் இரண்டு ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடுகின்றன. என் பார்வையில், அதிக உழைப்பைக் கோரும் பகுதியும் அதிகப் பயன் தரும் பகுதியும் இதுவே. பெர்ரிக் கப்பல் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தில் வாகனங்கள் ஏறியிறங்கும் சாய்தளத்துக்கும், கடல் மட்டம் உயர்ந்து தாழும் அலையேற்றத்துக்கும் பொருந்துமாறு வடிவமைக்கப்படுவதால், தடம் மாறும்போது அதன் வேலைமுறையும் மாறுகிறது. ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ டோவர்–கலே தடத்துக்காகக் கட்டப்பட்டது. பெல்ஜியத்தின் சேப்ரூக் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டபோது, பேரலையேற்ற நேரத்தில் அங்கிருந்த சாய்தளம் மேல் வாகனத் தளத்தை எட்டவில்லை. எனவே முன்புறத் தொட்டிகளில் நீரை நிரப்பி மூக்கைத் தாழ்த்தி வாகனங்களை ஏற்ற வேண்டியிருந்தது. 1987 மார்ச் 6 அன்று, அந்த நீர் முழுவதும் வெளியேற்றப்படாத நிலையிலும் முகப்புக் கதவுகள் மூடப்படாத நிலையிலும் கப்பல் புறப்பட்டுக் கவிழ்ந்ததில் 193 பேர் இறந்தனர். மூடப்படாத கதவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வரலாறு தொகுப்பவர் சாய்தளத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு தடத்துக்கும் பயண நேரம், ஒரு நாளில் எத்தனை நடை, ஏற்றிறக்கத்துக்கு எவ்வளவு அவகாசம் ஆகியவற்றைப் பழைய கால அட்டவணைகளிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

தடத்திலிருந்து கப்பல் விலகிய காரணம் பல வேளைகளில் கப்பலுக்கு வெளியே இருக்கும். 1994இல் கால்வாய்ச் சுரங்கம் திறக்கப்பட்டது. 1998இல் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் சாலைப் பாலமும், 2000இல் ஓரசுண்ட் பாலமும் வந்தன. 1999 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் வரியில்லா விற்பனை நின்றது. உங்கள் கப்பல் இத்தகைய தேதியை ஒட்டி விற்கப்பட்டிருந்தால், அதை வெறும் தற்செயல் என்று கடந்துவிடாதீர்கள்.

அளவுகளில் ஒரு பொறி உண்டு. பழைய பதிவேடுகளில் உள்ள பதிவு டன்னும் இன்றைய மொத்த டன்னும் எடையைக் குறிப்பவை அல்ல, கொள்ளளவைச் சார்ந்தவை. பழைய விதிகள் சில இடங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட அனுமதித்தன. 1969ஆம் ஆண்டின் அளவீட்டு உடன்படிக்கை 1982 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்து, பழைய கப்பல்களுக்கு 1994 வரை அவகாசம் தந்தது. மறு அளவீட்டில் பல பெர்ரிகளின் எண் பெருமளவு உயர்ந்ததைக் கண்டு, கப்பல் விரிவாக்கப்பட்டதாக எழுதியவர்கள் உண்டு. நீளமும் தளங்களின் எண்ணிக்கையும் மாறியிருந்தால் மட்டுமே அது விரிவாக்கம். 1987இல் பெயர் மாறிய முதல் ‘பிரைட் ஆஃப் கென்ட்’ உண்மையாகவே நடுவில் வெட்டப்பட்டு, புதிய துண்டு பொருத்தி நீட்டப்பட்ட கப்பல்.

மாற்றியமைப்புகளைத் தேதியோடு எழுதுங்கள். 1970இல் கட்டப்பட்ட இத்தாலியக் கப்பல் ‘பொக்காச்சியோ’வுக்கு 1991இல் பயணிகள் தளங்கள் கூடுதலாகக் கட்டப்பட்டன, அதுவே பின்னர் ‘அல்-சலாம் பொக்காச்சியோ 98’ ஆகி, 2006 பிப்ரவரியில் செங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. தீப்பிடித்ததும் அணைக்க இறைத்த நீர் உள்ளே தேங்கியதும் அவ்விபத்தின் பகுதிகளாகையால், தளங்கள் கூட்டப்பட்டதே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாகாது.

ஏறத்தாழ ஒரே வடிவமைப்பில் பிறந்த உடன்பிறப்புக் கப்பல்களின் கதையையும் தேடிப் பார்க்க வேண்டும். 1979இல் அதே மேயர் தளத்தில் கட்டப்பட்ட ‘டயானா 2’ கப்பலின் முகப்பு மூடியின் (வாகனங்கள் செல்லும் முன்வாயிலை மறைத்து மேல்நோக்கித் திறக்கும் மூக்குப் பகுதி) பூட்டமைப்பு 1993 ஜனவரியில் புயலில் சேதமுற்றது. மறுஆண்டு செப்டம்பரில் ‘எஸ்தோனியா’ தன் முகப்பு மூடியை இழந்து, 852 உயிர்களுடன் மூழ்கியது. ஒரு கப்பலின் கோப்பில் கிடைக்காத விளக்கம் இன்னொன்றின் பழுதுப் பதிவில் இருக்கலாம்.

நிழற்படங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எடுத்த தேதி தெரியாத படத்தைப் புகைபோக்கியின் வண்ணத்தைக் கொண்டு மட்டும் காலக்கணக்கு செய்யாதீர்கள், விற்பனைக்குப் பிறகும் பழைய வண்ணத்தில் சில காலம் ஓடும் கப்பல்கள் உண்டு.

இறுதிப் பதிவில் அவசரம் கூடாது. உடைப்பதற்காகச் செல்லும் கப்பலுக்குக் கடைசிப் பயணத்துக்கென்றே புதுப்பெயர் இடப்படுவதுண்டு. மீட்டெடுக்கப்பட்ட ‘ஹெரால்ட்’, ‘ஃப்ளஷிங் ரேஞ்ச்’ என்னும் பெயரில்தான் தைவானின் காவ்சியுங்குக்கு இழுத்துச் செல்லப்பட்டது. விற்கப்பட்ட நாள், குஜராத்தின் அலாங் அல்லது துருக்கியின் அலியாகா போன்ற இடங்களில் கரையேற்றப்பட்ட நாள், உடைப்பு தொடங்கிய நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. மூன்றில் எது கிடைத்ததோ அதை அதன் பெயராலேயே எழுதி, மற்றவற்றுக்கு உரிய இடத்தை வெற்றாக விட்டுவிடுங்கள்.