ஜெர்மன் விமானிச் சின்னங்கள்: முதலில் பின்புறத்தைப் பாருங்கள்

வெள்ளி கறுத்தால் விபூதியும் பித்தளை மங்கினால் புளியும் எடுத்துத் தேய்க்கிற வீடுகளில் வளர்ந்த நமக்கு, பளபளப்பாக இருந்தால் பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பழைய ஜெர்மன் இராணுவ விமானிச் சின்னங்களைச் சேகரிக்க விரும்புகிறவர் முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். கருமை படிய வேண்டிய பள்ளங்களில் கருமையும், துணி உரசியிருக்க வேண்டிய மேடுகளில் தேய்மானமும் இருக்கும் சின்னமே நல்ல நிலையில் உள்ள சின்னம். தேய்த்து மெருகேற்றப்பட்ட சின்னம், எவ்வளவு மின்னினாலும், தன் வயதுக்கான சாட்சியத்தை இழந்துவிட்ட சின்னம்.

இவற்றைப் பலர் பதக்கங்கள் என்றே சொல்கிறார்கள். உண்மையில் இவை வீரத்துக்கான பரிசு அல்ல. பயிற்சியை முடித்து விமானம் ஓட்டத் தகுதி பெற்றதற்கான அடையாளம். பிரஷ்ய விமானிச் சின்னத்தைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் பிறந்தநாளான 1913 ஜனவரி 27 அன்று ஏற்படுத்தினார். நீள்வட்ட மாலை ஒன்றின் உச்சியில் பேரரச மகுடமும், நடுவில் நிலப்பரப்பின் மேல் பறக்கும், ஒரே அடுக்கு இறக்கை கொண்ட டாவ்பே வகை விமானமும் அதில் இருக்கும். பேரரசுக்குள் தனி அரசாக இருந்த பவேரியா தன் விமானிகளுக்குத் தன் மகுடத்தையே வைத்துக்கொண்டது. ஆகவே ஏகாதிபத்தியக் காலச் சின்னம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் மகுடத்தைப் பார்த்து அது எந்த அரசுக்குரியது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

1919-இல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு இராணுவ விமானப் படை கூடாது என்று தடுத்தது. ஆனால் முதல் உலகப் போரில் பறந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். தொலைந்த சின்னத்துக்குப் பதிலாகப் புதியதைச் செய்வித்து அணிந்தார்கள். அதனால் போர்க்காலத்தில் செய்யப்பட்டதையும், அதே விமானிக்காக 1920-களிலும் 30-களிலும் செய்யப்பட்டதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பிந்தையது போலி அல்ல. விலையில் மட்டுமே வேறுபடும். விற்பவர் இந்த வேறுபாட்டைத் தாமாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள், அவருடைய நேர்மை அதிலேயே தெரிந்துவிடும்.

ஹிட்லர் கால விமானப் படையின் விமானிச் சின்னம் 1935-இல் வந்தது. ஒரு பக்கம் லாரல் இலையும் மறுபக்கம் ஓக் இலையுமாக வெள்ளி நிற மாலை, அதன் மேல் ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றியபடி பறக்கும் கருமையேற்றிய கழுகு. விமானி, நோக்கர் (விமானத்திலிருந்து வேவு பார்ப்பவர்) ஆகிய இரு தகுதிகளும் உடையவருக்கான கூட்டுச் சின்னம் 1936-இல் வந்தது; அதில் மாலை பொன்னிறம், கழுகு வெள்ளி நிறம். வைரம் பதித்த வகையும் உண்டு. அதை விமானப் படைத் தலைவர் கோரிங் மிகச் சிலருக்கு மட்டுமே தாமே வழங்கினார். எனவே சந்தையில் யாராவது அதை நீட்டினால் வாங்க முற்படாமல் நகர்ந்துவிடுவதே நல்லது.

சின்னத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிவிடுங்கள். முன்புறத்தை அழகாக்கப் போலி செய்பவர்கள் எல்லா உழைப்பையும் போடுவார்கள். பின்புறத்தில்தான் அவசரம் வெளிப்படும். 1935-க்குப் பிந்தைய சின்னங்களில் கழுகும் மாலையும் தனித்தனியே அச்சில் அடிக்கப்பட்டு, இரண்டு ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டவை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து அந்த ரிவெட்டுத் தலைகளைப் பாருங்கள். தலையின் விளிம்போரத்தில் சுற்றியுள்ள உலோகத்தில் உள்ள அதே கருமை தடையில்லாமல் தொடர வேண்டும். அங்கே மட்டும் கீறலோ புது மினுக்கமோ இருந்தால் கழுகு ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. ஒன்றின் மாலையும் மற்றொன்றின் கழுகும் சேர்க்கப்பட்டிருக்கவும் கூடும். கழுகை விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் குறை அல்ல. ஆனால் விலையில் சொல்லிக் குறைக்க வேண்டிய ஒன்று.

அடுத்து கீல், ஊசி, கொக்கி. அணிந்தவர் நாள்தோறும் திறந்து மூடியது ஊசி என்பதால் முதலில் உடைவதும் அதுவே. பெர்லினில் ஒரு வணிகரின் மேசையில் நான் பார்த்த கூட்டுச் சின்னம் ஒன்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. மாலையின் பொன் முலாம் மேடுகளில் போய், இலை நரம்புகளின் அடியில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடாகத் தங்கியிருந்தது. அது இயல்பான தேய்மானம். பின்புறம் முழுவதும் சாம்பல் நிறமாக மங்கியிருக்க, கொக்கியைச் சுற்றி மட்டும் பற்றாசு வெண்மையாக, பரந்து, மேடாக வழிந்து கிடந்தது. கொக்கி மாற்றப்பட்டிருப்பது கண்ணாடி இல்லாமலேயே தெரிந்தது. அந்த மாற்றத்தை அவர் மறைத்திருந்தார் என்பதே நான் வாங்காததற்குக் காரணம். பழுது பார்த்த சின்னத்தை உரிய விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை.

உலோகம் எது என்று தெரியாமல் நிலையை மதிப்பிட முடியாது. ஏகாதிபத்தியக் காலச் சின்னங்களில் வெள்ளியில் செய்த உள்ளீடற்ற வகை உண்டு: மெல்லிய முன்தகட்டை அச்சில் அடித்து, பின்தகட்டோடு பற்றவைத்திருப்பார்கள். இதில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஓரத்து இணைப்பு எங்காவது பிளந்திருக்கிறதா, மகுடத்தின் உச்சிச் சிலுவை வளையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 800 என்ற எண் வெள்ளியின் தூய்மையை (ஆயிரத்துக்கு 800 பங்கு) குறிப்பது. அதோடு பிறையும் மகுடமும் சேர்ந்த முத்திரை 1888 முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முத்திரை இல்லாத அசல்களும் உண்டு, முத்திரையுள்ள போலிகளும் உண்டு; போலி செய்பவருக்கு எளிதில் கைவருவதும் முத்திரையே. பெர்லினின் யுங்கர், லூடென்ஷைடின் அஸ்மான் போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்களைப் பார்த்ததும் எச்சரிக்கை தளர்ந்துவிடக் கூடாது. ஒரே அச்சில் அடித்த சின்னங்கள் அனைத்திலும் அந்த அச்சின் சிறு பிசிறுகள் ஒரே இடத்தில் வரும். உறுதியான அசல்களின் படங்களோடு அவற்றை ஒப்பிடுவதுதான் நம்பத்தக்க சோதனை.

1930-களில் டோம்பாக் என்னும் செம்பு மிகுந்த பித்தளையும், ஜெர்மன் சில்வர் என்னும், வெள்ளியே கலக்காத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையும், அலுமினியமும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர் நீடிக்க, செம்பும் நிக்கலும் ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டதால் சின்னங்கள் துத்தநாகத்துக்கு மாறின. டோம்பாக்கின் மேல் முலாம் நன்றாகப் பிடித்து நிற்கும். துத்தநாகத்தின் மேல் நிற்காது. எனவே போர்க் கடைசியில் செய்த துத்தநாக மாலை முழுச் சாம்பலாக இருப்பதை மட்டமான நிலை என்று தள்ளிவிடக் கூடாது. அதே மாலையில் முலாம் குறையின்றி மஞ்சளாகப் பூத்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும். கொப்புளங்கள் மட்டும் உண்மையான கேடு: உலோகம் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கியிருக்கிறது, அதைத் திருப்ப வழியில்லை.

அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி சற்றே சுருங்கியிருக்கும். வெர்னியர் அளவுகோலால் அகல உயரங்களையும், சிறு தராசில் எடையையும் எடுத்து, அதே தயாரிப்பாளரின் அசலோடு ஒப்பிடுங்கள். இறகுகளின் ஓரம் மழுங்கி, பள்ளங்களில் ஊசி குத்தியதுபோல் துளைகள் தெரிந்தால் அது வார்ப்பு.

ஜெர்மன் விற்பனைப் பட்டியல்களில் நிலையை எண்ணால் குறிப்பார்கள். 1 என்பது புதிது போன்றது, 2 என்பது அணியப்பட்டும் நன்றாக இருப்பது. எண் கூடக் கூட நிலை தாழும், கழித்தல் குறி சேர்ந்தால் அந்தப் படியிலேயே சற்றுக் குறைவு. இந்த எண் விற்பவரின் கருத்து மட்டுமே என்பதால் பின்புறப் படமும் பக்கவாட்டுப் படமும் கேட்டுப் பெறாமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஸ்வஸ்திகா உள்ள சின்னத்தை ஜெர்மனியில் பொது இடத்தில் காட்டுவதும் பரப்புவதும் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியவை. வரலாறு, ஆய்வு, கல்வி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பழைய படைவீரர்கள் அணிவதற்காக ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. அந்த 1957 வடிவங்களும் சேகரிக்கத் தகுந்தவையே. ஆனால் போர்க்கால விலை கொடுக்க வேண்டாம். ஸ்பெயினின் குவெர்னிகாவின் மீதும் நெதர்லாந்தின் ரோட்டர்டாமின் மீதும் குண்டு வீசிய படையின் சின்னம் இது என்பதை மறந்து, அதைப் பெருமைப் பொருளாக மாட்டி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இழுப்பறையில், விவரக் குறிப்போடு, ஆவணமாக இருக்க வேண்டிய பொருள் அது.

வாங்கியபின் கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். ஓக் மரப் பெட்டியும் பி.வி.சி. உறையும் வேண்டாம், இரண்டும் உலோகத்தை அரிக்கும் ஆவிகளை விடும். ரப்பரும் கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கடற்கரை ஊர்களில் வசிப்பவர்கள் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் அட்டை எழுதி உடன் வையுங்கள்: அளவு, எடை, உலோகம், ரிவெட்டு, ஊசி, கொக்கி ஆகியவற்றின் நிலை, எங்கே எப்போது என்ன விலைக்கு வாங்கியது, விற்றவர் சொன்னது எது, நீங்களே பார்த்தது எது என்று தனித்தனியாக.