சி டிரைவை நீட்ட விடாத ரெக்கவரி பார்ட்டிஷன்

256 ஜிபி எஸ்எஸ்டியில் இருந்ததை 1 டிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்தாயிற்று. விண்டோஸும் ஒழுங்காக பூட் ஆகிறது. ஆனால் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கிறது. தனக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சி எடுத்துக்கொள்ளும். அங்கேதான் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் டிஸ்க் பகுதி) வழிமறித்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ரைட் கிளிக் செய்தாலும் ‘ஹெல்ப்’ தவிர வேறெதுவும் வராது.

கை வைக்குமுன் எது எது என்று தெரிய வேண்டும். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிபிடி முறையில் விண்டோஸ் 10, 11 நிறுவிய டிஸ்க்கில் பெரும்பாலும் மூன்று மறைவுப் பகுதிகள் இருக்கும். முதலாவது இஎஃப்ஐ, சுமார் 100 எம்பி, சிலவற்றில் 260. பூட் கோப்புகள் இங்கேதான், இதை அழித்தால் விண்டோஸ் கிளம்பாது. அடுத்தது எம்எஸ்ஆர், விண்டோஸ் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் இடம், 16 எம்பி. டிஸ்க் மேனேஜ்மென்ட் இதைக் காட்டவே காட்டாது. மூன்றாவது ரெக்கவரி, 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை. பிராண்டட் லேப்டாப்பில் 10 ஜிபிக்கு மேல் இன்னொன்று இருந்தால் அது கம்பெனி வைத்த ஃபேக்டரி ரீசெட் பகுதி. விண்டோஸின் மூன்றையும் சேர்த்தாலும் 2 ஜிபியைத் தாண்டுவது அரிது, ஆகவே இடம் மிச்சமாகும் என்று இவற்றை அழிப்பதில் லாபமில்லை. பிரச்சினை அளவில் அல்ல, இருக்கும் இடத்தில்.

முதலில் பேக்கப் எடுக்கவும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பார்க்கவும். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்யவும்.

இனி கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ (reagentc /info) கொடுத்தால், ரெக்கவரி எந்த ஹார்ட்டிஸ்க்கின் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும். பிறகு ‘ரீஏஜென்ட்சி /டிசேபிள்’. இப்போது ரெக்கவரி கருவிகள் அடங்கிய வின்ஆர்இ.விம் என்ற கோப்பு சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\ரெக்கவரி ஃபோல்டருக்குத் திரும்பி வரும். மறைந்த கோப்பு என்பதால் ‘டிஐஆர் /ஏ’ போட்டுப் பார்க்கவும். அது வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மேலே போனால் ரெக்கவரியை மறுபடி எழுப்ப இன்ஸ்டலேஷன் யுஎஸ்பியிலிருந்து அந்தக் கோப்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

கோப்பு இருந்தால் இரண்டு வழிகள்.

நாங்கள் பரிந்துரைப்பது நகர்த்துவது. பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் மென்பொருளின் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ரெக்கவரியை டிஸ்க்கின் வலக்கோடிக்குத் தள்ளவும். விண்டோஸுக்குத் திரும்பி ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கொடுத்தால் சி நீளும். கடைசியில் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’. ரெக்கவரி இருக்கும் இடத்தை விண்டோஸ் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. முன்கூட்டி டிசேபிள் செய்யாமல் நகர்த்தினால் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழி, விண்டோஸின் பார்ட்டிஷன் கருவியான டிஸ்க்பார்ட்டை கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டி அழிப்பது. ‘டிஸ்க்பார்ட்’, ‘லிஸ்ட் டிஸ்க்’, ‘செலக்ட் டிஸ்க் 0’, ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’, ‘செலக்ட் பார்ட்டிஷன் 4’, பிறகு ‘டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’. 0, 4 இரண்டும் உதாரணம்தான். குறித்து வைத்த எண்களைப் போடவும். டிஸ்க்பார்ட் ‘நிச்சயமா?’ என்று கேட்கவே கேட்காது. ‘கிளீன்’ என்ற சொல்லை மட்டும் தட்டிவிடாதீர்கள், முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையும் போய்விடும். அழித்தபின் சி-யை நீட்டி, எனேபிள் கொடுத்தால் ரெக்கவரி சி-யிலேயே குடியேறும். ஆனால் சி-யில் பிட்லாக்கர் இருந்தால் எனேபிள் மறுக்கப்படும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு முதல் வழியே சரி.

சில சமயம் வேறு விதமான தொல்லை வரும்: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரெக்கவரி பகுதி ஒரு டிரைவ் எழுத்துடன் வெளியே வந்து, இடம் நிரம்பிவிட்டது என்று ஓயாமல் எச்சரிக்கும். உள்ளே எதையும் அழிக்க வேண்டாம், எழுத்தை எடுத்தால் போதும். டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வால்யூம்’ பார்த்து, அந்த எண்ணை ‘செலக்ட்’ செய்து, ‘ரிமூவ் லெட்டர்=ஈ’ கொடுக்கவும். ஈ-க்குப் பதில் அங்கே தெரியும் எழுத்தைப் போடவும்.

இரண்டு டிஸ்க் உள்ளவர்கள் பழையதைக் கழற்றுமுன் இஎஃப்ஐ எதில் இருக்கிறது என்று பார்க்கவும். இரண்டும் மாட்டியிருந்தபோது நிறுவியிருந்தால் விண்டோஸ் புதிய எஸ்எஸ்டியிலும் இஎஃப்ஐ பழைய ஹார்ட்டிஸ்க்கிலும் இருக்கக்கூடும். கழற்றினால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நிற்கும். சரிசெய்ய, எஸ்எஸ்டியில் 260 எம்பி காலி இடம் ஒதுக்கி, டிஸ்க்பார்ட்டில் ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ’, ‘ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32’, ‘அசைன் லெட்டர்=எஸ்’ கொடுத்து வெளியே வந்து, ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’ (bcdboot C:\Windows /s S: /f UEFI) ஓட்டவும். பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒருமுறை பூட் ஆகிறதா என்று பார்த்தபிறகே அதை ஃபார்மட் செய்யவும்.